இறந்தவர்கள் இப்போது எங்கே? பழைய உலகமும் ஆதிக் கிறிஸ்தவர்களும் சொன்ன பதில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊரில் கிறிஸ்தவர் ஒருவர் இறந்துவிட்டால் சுவரொட்டியில் என்ன அச்சடிக்கிறார்கள் என்று பாருங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் குடும்பம் என்றால் பெரும்பாலும் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று இருக்கும். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பிறந்த தேதிக்குக் கீழே 'விண்ணகப் பிறப்பு' என்று போட்டு இறந்த தேதியைக் கொடுத்திருப்பார்கள். ஒன்று அவர் தூங்குகிறார் என்கிறது. இன்னொன்று அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்கிறது. இரண்டுமே கிறிஸ்தவத்தின் முதல் நூற்றைம்பது ஆண்டுக்குள் பிறந்த பேச்சுகள். மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தவர்கள் பாவக் கறை நீங்கித் தூய்மையாகும் இடம் என்று கத்தோலிக்கர் நம்புவது) பற்றிய பெரும்பாலான சண்டைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தவைதான். துக்க வீட்டிலும் வேதபாட வகுப்பிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய ஏற்பாட்டில் மோட்சமும் நரகமும் எங்கே வருகின்றன?

நாம் நினைக்கிற பொருளில் கிட்டத்தட்ட வரவே இல்லை. அங்கே வருவது 'ஷியோல்' என்ற எபிரேயச் சொல். தமிழ் வேதாகமத்தில் அதைப் 'பாதாளம்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். பூமிக்கு அடியில், இருட்டில், சத்தமில்லாத ஓர் இடம். நல்லவன், கெட்டவன், ராஜா, அடிமை எல்லாருக்கும் அதே இடம்தான். யோசேப்பு செத்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, துக்கத்தோடு என் மகனிடம் பாதாளத்துக்கே இறங்கிப் போவேன் என்கிறார். மகன் தண்டனை அனுபவிக்கிறான் என்று அவர் நினைக்கவில்லை. இறந்தவர்கள் இருக்கிற இடம் அது, அவ்வளவுதான்.

'மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்' என்கிறது பிரசங்கி. 'பாதாளத்தில் உம்மைத் துதிப்பவன் யார்?' என்று கேட்கிறது ஆறாம் சங்கீதம். சவுல் ராஜா எந்தோர் ஊர்க் குறிசொல்லியிடம் போய், இறந்துபோன சாமுவேலை எழுப்பச் சொல்கிற கதையைப் படித்துப் பாருங்கள். சால்வை போர்த்திய கிழவராக எழும்பி வருகிற சாமுவேல், என்னை ஏன் கலைத்தாய் என்று சலித்துக்கொள்கிறார். தீர்க்கதரிசிக்கும் அங்கே கிடைத்தது ஓய்வுதான். பேரின்பம் என்று எதுவும் சொல்லப்படவில்லை.

பரலோகம் என்ற சொல் பழைய ஏற்பாட்டில் நிறைய வருகிறதே என்று கேட்பார்கள். வருகிறது, அது கடவுளின் இருப்பிடம். மனிதர்கள் செத்துப் போகிற இடம் அல்ல. ஏனோக்கும் எலியாவும் விதிவிலக்குகள், அவர்கள் சாகவே இல்லை.

சுற்றியிருந்த மற்ற மக்கள் என்ன நினைத்தார்கள்?

மெசொப்பொத்தேமியாக்காரர்களுக்கு இதைவிட மோசமான எதிர்பார்ப்பு. அவர்களுடைய கில்காமேஷ் காவியத்தில், சாகக் கிடக்கிற என்கிடு என்ற வீரன் இறந்தவர்களின் உலகத்தைக் கனவில் காண்கிறான். புழுதிதான் அங்கே சாப்பாடு, களிமண்தான் அப்பம், பறவைகளைப் போல இறகு உடுத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஆண்ட ராஜாக்களின் கிரீடங்கள் ஓர் ஓரத்தில் குவிந்து கிடக்கின்றன. கிரேக்கக் காவியமான ஒடிசியில், உயிரோடு பாதாளம் போன ஒடிசியஸ் தன் தாயைக் கட்டிப்பிடிக்க மூன்று முறை கை நீட்டுகிறான். மூன்று முறையும் அவள் நிழல் போல நழுவிவிடுகிறாள். அதே இடத்தில் மாவீரன் அகிலீஸ் சொல்கிறான்: செத்தவர்கள் எல்லாருக்கும் ராஜாவாக இருப்பதைவிட, பூமியில் சொந்தமாக நிலம்கூட இல்லாத ஓர் ஏழையிடம் கூலி வேலை பார்ப்பது மேல்.

எகிப்து மட்டும் வேறு மாதிரி. அங்கே செத்தவரின் இருதயத்தைத் தராசில் வைத்து, எதிர்த் தட்டில் மாத் என்ற நீதித் தெய்வத்தின் இறகை வைப்பார்கள். 42 தேவதைகள் முன்னால், 'நான் திருடவில்லை, நான் கொல்லவில்லை, நான் எடையில் ஏமாற்றவில்லை' என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இருதயம் கனத்துவிட்டால், முதலைத் தலையோடு பக்கத்திலேயே காத்திருக்கிற அம்மித் அதை விழுங்கிவிடும். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஆனியின் பப்பைரஸ் சுருளில், சுமார் கி.மு. 1250இல் தீட்டிய இந்தக் காட்சி இன்றும் வண்ணம் மாறாமல் இருக்கிறது. செத்த பிறகு ஒழுக்கத்துக்குத் தீர்ப்பு உண்டு என்பதை இவ்வளவு தெளிவாக வரைந்து வைத்த பழைய சமூகம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியென்றால் உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை எப்போது வந்தது?

எசேக்கியேலின் உலர்ந்த எலும்புகள் தரிசனம் பழையதுதான். ஆனால் அது முதலில் நாடு கடத்தப்பட்ட ஜனம் ஊர் திரும்புவதைப் பற்றியது. தனி மனிதர்கள் எழுந்திருப்பார்கள் என்று ஐயமில்லாமல் சொல்வது தானியேல் 12ஆம் அதிகாரம். பூமியின் தூளில் தூங்குகிறவர்களில் சிலர் நித்திய ஜீவனுக்கும் சிலர் நித்திய இகழ்ச்சிக்கும் விழிப்பார்கள் என்கிறது. அந்தப் புத்தகம் இப்போதைய வடிவத்துக்கு வந்தது சுமார் கி.மு. 165 என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு.

அந்தத் தேதிக்கு ஒரு காரணம் உண்டு. கி.மு. 167இல் அந்தியோக்கு எப்பிபானேஸ் என்ற ராஜா எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடை செய்தான். மீறியவர்களைக் கொன்றான். அதுவரை யூதர்கள் கேட்டு வளர்ந்தது, கட்டளையைக் கைக்கொண்டால் நீண்ட ஆயுசு என்பதுதான். இப்போதோ கைக்கொண்டவன்தான் சாகிறான், விட்டுக்கொடுத்தவன் பிழைக்கிறான். கடவுள் நீதியுள்ளவர் என்றால் இந்தக் கணக்கு இங்கேயே முடிந்துவிடக் கூடாது.

மக்கபேயர் இரண்டாம் புத்தகம் 7ஆம் அதிகாரத்தில் ஒரு தாயும் அவளுடைய ஏழு பிள்ளைகளும் வருகிறார்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் இந்தப் புத்தகம் உண்டு, சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இல்லை. மூன்றாவது பையனின் முறை வரும்போது அவன் தானாகவே கைகளை நீட்டுகிறான். இவற்றைக் கடவுளிடமிருந்து பெற்றேன், அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான். வெட்டப்படப் போகிற அந்தக் கைகளே வேண்டும் என்று கேட்கிறான். ஆன்மா மட்டும் எங்கோ போய் நிம்மதியாக இருக்கும் என்ற பதில் அந்தப் பையனுக்குப் போதவில்லை. கிறிஸ்தவர்கள் பிறகு 'சரீரம் உயிர்த்தெழும்' என்று அவ்வளவு பிடிவாதமாகச் சொன்னதற்கு வேர் இங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

பாரசீகத்தின் ஜரதுஷ்டிர சமயத்திலும் இறுதித் தீர்ப்பும் உயிர்த்தெழுதலும் உண்டு. யூதர்கள் இரண்டு நூற்றாண்டு பாரசீக ஆட்சியில் இருந்தவர்கள். ஆனால் ஜரதுஷ்டிர நூல்களில் இதை விரிவாகச் சொல்பவை காலத்தால் மிகப் பிந்தியவை. அதனால் யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

இயேசு காலத்து யூதர்கள் எல்லாரும் இதை நம்பினார்களா?

இல்லை. அன்றைய யூதர்களின் இரண்டு பிரிவினரில், பரிசேயர் நம்பினார்கள், சதுசேயர் மறுத்தார்கள். ஏழு சகோதரர்களை ஒருவர் பின் ஒருவராக ஒருத்தி மணந்தால் உயிர்த்தெழும்போது யாருக்கு மனைவி என்று இயேசுவை மடக்கப் பார்த்தவர்கள் அந்தச் சதுசேயர்கள்தான்.

இயேசு 'நரகம்' என்று சொன்னபோது எந்தச் சொல்லைச் சொன்னார்?

கெஹென்னா. புதிய ஏற்பாட்டில் 12 இடத்தில் வருகிறது. அதில் 11 இயேசுவின் வாயிலிருந்து, ஒன்று யாக்கோபின் நிருபத்தில். இது ஓர் இடத்தின் பெயர். எருசலேமுக்குத் தெற்கே இருக்கிற இன்னோம் பள்ளத்தாக்கு. இன்றைக்கும் நடந்து போகலாம், புல் முளைத்த சாதாரணப் பள்ளத்தாக்கு.

அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் ஏன் குலை நடுக்கியது? அங்கே தோப்பேத் என்ற மேட்டில் சொந்தப் பிள்ளைகளை நெருப்பில் பலி கொடுத்திருக்கிறார்கள். யோசியா ராஜா அந்த இடத்தைத் தீட்டுப்படுத்திப் பலியை நிறுத்தினான். இதைச் சங்காரப் பள்ளத்தாக்கு என்று சொல்லும் நாள் வரும், புதைக்க இடமில்லாமல் பிணங்கள் கிடக்கும் என்று எரேமியா அங்கேயே நின்று சொன்னார். பிள்ளைகளைச் சுட்ட இடம், பிணங்களுக்கு மண் கிடைக்காத இடம். கெஹென்னா என்றால் கேட்பவர் மனதில் எழுந்த படம் இது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அது எருசலேமின் குப்பைமேடு, இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பழைய சான்று எதுவும் இல்லை. அப்படி முதலில் எழுதியவர் தாவீது கிம்கி என்ற யூத அறிஞர், சுமார் கி.பி. 1200இல், ஐரோப்பாவில் இருந்துகொண்டு. எரேமியாவின் வார்த்தைகளே போதும், குப்பைமேடு தேவையில்லை.

அந்தப் பள்ளத்தாக்கின் சரிவில் 1979இல் ஒரு பழைய கல்லறைக் குகையில் இரண்டு வெள்ளித் தகடுகள் கிடைத்தன. சுருட்டி வைத்த தகடுகள், பெரியதை விரித்தாலே 10 செ.மீ. வராது. அதில் கீறியிருந்தது எண்ணாகமத்தில் வருகிற ஆசீர்வாதம்: கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர். கிறிஸ்துவுக்கு சுமார் 600 ஆண்டு முந்தியது, வேதாகம வாசகங்களில் நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய எழுத்து அதுதான். நரகத்துக்குப் பெயர் கொடுத்த பள்ளத்தாக்கின் மேலேயே, இறந்தவரோடு இந்த ஆசீர்வாதத்தையும் வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று. மூல மொழியில் ஷியோல், ஹேடீஸ், கெஹென்னா, டார்டரஸ் என்று நான்கு சொற்கள். நம் பழைய தமிழ்த் திருப்புதலில் முதல் இரண்டும் பெரும்பாலும் பாதாளம், அடுத்த இரண்டும் நரகம். ஐசுவரியவானும் லாசருவும் கதையில் அந்தப் பணக்காரன் வேதனைப்படுவது 'பாதாளத்திலே'. நரகம் என்ற சொல் அங்கே இல்லை. பலர் இதைக் கவனித்ததே இல்லை.

ஆன்மா அழியாது என்பதுதானே கிறிஸ்தவ நம்பிக்கை?

அது பிளேட்டோ வலியுறுத்திச் சொன்னது. உடல் ஒரு சிறை, மரணம் விடுதலை என்று சாக்கிரட்டீஸ் கடைசி நாளில் பேசுவதாக அவர் எழுதினார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 15ஆம் அதிகாரத்தில் எடுத்த உவமை விதை. மண்ணில் போட்டது அப்படியே திரும்பாது. ஆனால் முளைத்து வருவது அதே விதையிலிருந்துதான். 'ஆவிக்குரிய சரீரம்' என்கிறார். சரீரம் என்ற சொல்லை அவர் கைவிடவில்லை. ஏதென்ஸில் மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்று அவர் வாயெடுத்ததும் சிலர் சிரித்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். ஆன்மா வாழும் என்று மட்டும் சொல்லியிருந்தால் அங்கே யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் காலப்போக்கில் இரண்டும் கலந்துவிட்டன. பிளேட்டோவைப் படித்தவர்களே கிறிஸ்தவ ஆசிரியர்கள் ஆனார்கள். அழியாத ஆன்மா என்பது பாடமாகிவிட்டது. சரீர உயிர்த்தெழுதல் விசுவாசப் பிரமாணத்தின் கடைசி வரியில் தங்கிவிட்டது. ஞாயிறுதோறும் சொல்கிறோம், யோசிக்கிறோமா?

சரி, இறந்த உடனே எங்கே போகிறார்கள்? கடைசி நாள் வரை என்ன செய்வார்கள்?

முதல் தலைமுறைக்கு இந்தக் கேள்வியே எழவில்லை, கிறிஸ்து சீக்கிரம் வந்துவிடுவார் என்று இருந்தார்கள். தெசலோனிக்கேயாவில் சிலர் இறந்துபோனதும்தான் கவலை வந்தது. சுமார் கி.பி. 50இல் பவுல் பதில் எழுதினார்: நித்திரையடைந்தவர்களைப் பற்றித் துக்கிக்காதீர்கள், எக்காளம் முழங்கும்போது அவர்கள்தான் முதலில் எழுவார்கள். நம் சுவரொட்டி வாசகம் இங்கிருந்து வந்ததுதான். கல்லறைத் தோட்டத்தைச் சிமித்தேரி என்கிறோமே, அதன் மூலமும் 'கொய்மெத்தேரியோன்' என்ற கிரேக்கச் சொல். தூங்கும் இடம் என்று அர்த்தம். பிணத்தை ஊருக்கு வெளியே தள்ளிவைத்துத் தீட்டு என்று பார்த்த உலகத்தில், அதைப் படுக்கையறை என்று அழைத்தார்கள்.

ஆனால் அதே பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்க ஆசைப்படுகிறேன் என்கிறார். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு சொன்னது, 'இன்றைக்கு' நீ என்னோடு பரதீசில் இருப்பாய் என்று. ஸ்மிர்னாவில் 155ஐ ஒட்டி எரித்துக் கொல்லப்பட்ட போலிகார்ப்பின் சபையார், அவர் இறந்த நாளை அவருடைய பிறந்த நாளாகக் கொண்டாடினார்கள். விண்ணகப் பிறப்பு என்ற பேச்சு அந்த வழியில் வந்தது.

இரண்டையும் எப்படிப் பொருத்துவது? கார்த்தேஜின் தெர்த்துல்லியன் ஒரு வழி சொன்னார்: இரத்த சாட்சிகள், அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள், நேராகப் பரதீசுக்கு, மற்றவர்கள் பூமிக்கு அடியில் காத்திருப்பார்கள். பாரசீக எல்லைக்குள் சிரியாக் மொழியில் எழுதிய அப்ரஹாத், நான்காம் நூற்றாண்டில், எனக்கு மிகவும் பிடித்த பதிலைச் சொன்னார். இறந்தவர்கள் தூங்குகிறார்கள்தான், ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி தூங்குவதில்லை. விடிந்தால் எஜமானிடம் அடி வாங்கப்போகும் வேலைக்காரன் புரண்டு புரண்டு படுப்பான். விடிந்தால் பரிசு வாங்கப்போகிறவன் நிம்மதியாகத் தூங்குவான், விடியலுக்காகக் காத்திருப்பான்.

உடலை எரித்துவிட்டால், மிருகம் தின்றுவிட்டால் எப்படி உயிர்த்தெழ முடியும்?

இதை எதிரிகளும் யோசித்தார்கள். 177இல் பிரான்சின் லியோன் நகரத்தில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டு வைத்தார்கள். பிறகு எரித்து, சாம்பலை ரோன் நதியில் கரைத்துவிட்டார்கள். உயிர்த்தெழும் நம்பிக்கைகூட இவர்களுக்கு இருக்கக் கூடாது என்பதே நோக்கம் என்று அங்கிருந்து தப்பியவர்கள் எழுதிய கடிதம் சொல்கிறது. அந்தக் கடிதம் எழுதிய கைகள் நம்பிக்கையை விடவில்லை.

வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீனார், பஞ்சத்தில் மனிதனை மனிதன் தின்ற கேள்வியைக்கூட ஒதுக்கவில்லை. அந்தச் சதை முதலில் யாருடையதோ அவருக்கே திரும்பும் என்றார். வெட்டிய முடியும் நகமும்? சிலையை உருக்கித் திரும்பவும் வார்க்கிற சிற்பிக்கு எந்தத் துளி எந்த விரலில் இருந்தது என்பது முக்கியமில்லை, எதுவும் வீணாகக் கூடாது என்பதுதான் முக்கியம் என்று பதில் சொன்னார். எல்லாக் குறைகளும் நீங்கும், ஆனால் இரத்த சாட்சிகளின் காயத் தழும்புகள் மட்டும் இருக்கலாம், அவை அழகு என்றும் எழுதினார்.

ஆக, உடலை எரிப்பதா புதைப்பதா என்று இன்று குழம்புகிறவர்களுக்கு: ஆதிச் சபை புதைத்தது. எரிந்தவர்கள் எழ மாட்டார்கள் என்று அது ஒருநாளும் சொல்லவில்லை.

ஆயிரம் ஆண்டு அரசாட்சி?

கிறிஸ்து ஆயிரம் ஆண்டு அரசாளுவார் என்று வெளிப்படுத்தல் 20இல் வருவது. இரண்டாம் நூற்றாண்டில் பாப்பியாஸ், யுஸ்தீன், இரேனேயு போன்ற சபை ஆசிரியர்கள் இதை அப்படியே பூமியில் நடக்கப்போவதாக நம்பினார்கள். பாப்பியாஸ் சொன்னதாக இரேனேயு எழுதியதில், ஒவ்வொரு திராட்சைக் கொடிக்கும் பத்தாயிரம் கிளை, கிளைக்குப் பத்தாயிரம் கொப்பு என்று கணக்குப் பெருகிக்கொண்டே போகும். பசித்த ஜனங்களின் மோட்சம் அது. பிற்பாடு அகுஸ்தீனார், அந்த ஆயிரம் ஆண்டு சபையின் காலமே என்று விளக்கம் சொல்ல, மேற்கில் அதுவே நிலைத்தது.

நாக்கில் கட்டித் தொங்கவிடுவது போன்ற நரகக் காட்சிகள் வேதாகமத்தில் எங்கே?

எங்கும் இல்லை. அவை பேதுருவின் வெளிப்பாடு என்ற இரண்டாம் நூற்றாண்டு நூலில் இருக்கின்றன. எகிப்தில் அக்மீம் என்ற ஊரில் 1886-87 குளிர்காலத்தில் ஒரு துறவியின் கல்லறையைத் தோண்டியபோது அதன் கிரேக்கப் பகுதி ஒரு சிறிய தோல் புத்தகத்தில் கிடைத்தது. தூஷணம் பேசியவர்கள் நாக்கில் தொங்குகிறார்கள், அநியாய வட்டி வாங்கியவர்கள் சீழிலும் இரத்தத்திலும் முழங்கால் வரை நிற்கிறார்கள். சில சபைகள் இதை வேதமாகவே வாசித்தன. எங்களில் சிலர் இதைச் சபையில் வாசிக்க விரும்புவதில்லை என்று, எவை வேத நூல்கள் எனச் சொல்லும் பழைய முராத்தோரியன் பட்டியல் குறிப்பிடுகிறது.

ஆனால் அதே நூலின் ஒரு பழைய கிரேக்க ஏட்டில் வேறொரு வரி வருகிறது. நீதிமான்கள் யாருக்காகக் கேட்கிறார்களோ அவர்களை அந்த வேதனையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன் என்று கடவுள் சொல்கிறார். பவுலின் வெளிப்பாடு என்ற பிந்திய நூலும் அப்படித்தான். பயங்கரமான காட்சிகளுக்குப் பிறகு பவுலும் மிகாவேல் தூதரும் அழுது மன்றாட, தண்டனை பெற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பகலும் ஓர் இரவும் ஓய்வு கிடைக்கிறது. பயமுறுத்த எழுதியவர்களுக்கே மனசு தாங்கவில்லை. அதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

நரகம் முடிவில்லாதது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா?

இல்லை. அலெக்சாந்திரியாவின் ஓரிஜென், ஒவ்வொரு பாவியும் தன் நெருப்பைத் தானே மூட்டுகிறான், அந்த நெருப்பு மருந்து போன்றது, முடிவில் எல்லாம் கடவுளிடம் திரும்பும் என்ற நம்பிக்கையை முன்வைத்தார். அவர் தேசியு என்ற ரோமப் பேரரசன் காலத்தில் சிறையில் சித்திரவதைப்பட்டு, அதன் பின்விளைவாகவே சுமார் 253இல் இறந்தவர். முந்நூறு ஆண்டு கழித்து, 553இல், ஆயர்கள் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தையொட்டி அவர் பெயர் கண்டிக்கப்பட்டது.

நைசா நகர கிரகோரியும் இதே நம்பிக்கை உள்ளவர். அவரை யாரும் கண்டிக்கவில்லை. அண்ணன் பசிலியார் இறந்த துக்கத்தோடு 379இல் அக்கா மக்ரீனாவைப் பார்க்கப் போனார். அவரும் மரணப் படுக்கையில் இருந்தார். அந்தப் பேச்சை வைத்து கிரகோரி ஓர் உரையாடல் எழுதினார். அதில் ஆசிரியர் அக்காதான். மண் கெட்டியாக அப்பிய ஒரு கயிற்றைச் சின்னத் துவாரத்தின் வழியாக இழுத்தால், மண் உரிந்து விழும், கயிறு மட்டும் வெளியே வரும். கயிறு ஆன்மா, மண் அதில் ஒட்டிய தீமை, இழுப்பவர் கடவுள். வலி கயிற்றை இழுப்பதால் வருவது. இழுக்கிறவருக்கு வேண்டியது கயிறு என்கிறார் மக்ரீனா.

அகுஸ்தீனார் இதை ஏற்கவில்லை. மத்தேயு 25இல் நித்திய ஜீவனுக்கும் நித்திய தண்டனைக்கும் ஒரே சொல்தான், ஒன்றை முடிவுள்ளது என்றால் மற்றதும் முடிந்துவிடும் என்பது அவர் வாதம். வலுவான வாதம்தான். மேற்கத்தியச் சபை அவர் பக்கம் போனது. ஆனால் தன் காலத்தில் 'இளகிய மனசுக்காரர்கள்' பலர் இருந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

'பாதாளத்தில் இறங்கினார்' என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, எதற்கு?

வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் கிறிஸ்து இறந்தவர்களிடம் போனார், ஆதாமிலிருந்து காத்திருந்தவர்களைக் கூட்டிவந்தார் என்பது மிகப் பழைய நம்பிக்கை. 373இல் இறந்த எப்ரேம் என்ற சிரியாக் கவிஞர், மரணத்தையும் சாத்தானையும் பேசவைத்தே பல பாடல்கள் எழுதினார். அவற்றில் ஒன்றில் சாத்தான் ஓலமிடுகிறான்: இந்தியாவில் நான் கொன்ற அப்போஸ்தலன், எனக்கு முன்னால் எதெசாவுக்கு வந்துவிட்டானே! தோமாவின் எலும்புகள் எதெசா நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டதைச் சொல்கிறது அந்தப் பாட்டு. மயிலாப்பூர்ச் சாந்தோமில் நிற்கிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய வரி.

அப்படியென்றால் இந்தியா வருகிற மறுமைக் கதைகள் உண்டா?

உண்டு, அருமையான ஒன்று. தோமாவின் பணிகள் என்ற நூல், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக்கில் எழுதியது. குந்தபோரு என்ற இந்திய ராஜா அரண்மனை கட்டச் சொல்லித் தோமாவிடம் பணம் கொடுக்கிறார். தோமா எல்லாவற்றையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். கட்டியாயிற்றா என்று ராஜா கேட்க, ஆயிற்று, ஆனால் நீங்கள் செத்த பிறகுதான் பார்க்க முடியும் என்கிறார். சிறையில் போடுகிறார்கள். அன்றிரவே ராஜாவின் தம்பி காத் இறந்துபோகிறான். தூதர்கள் அவனுக்கு விண்ணக வீடுகளைக் காட்டுகிறார்கள். ஒன்றைப் பார்த்து, இதன் கீழ்த்தளத்து அறை ஒன்று கிடைத்தாலும் போதும் என்கிறான். அது உன் அண்ணனுடையது என்கிறார்கள். அவனுக்குச் சவ உடை உடுத்திக்கொண்டிருக்கும்போது உயிர் திரும்ப வருகிறது. எழுந்து அண்ணனிடம், அந்த அரண்மனையை எனக்கு விற்றுவிடு என்று கெஞ்சுகிறான்.

கதை கதைதான். ஆனால் குந்தபோரு என்ற பெயரில் நாணயங்கள் 19ஆம் நூற்றாண்டில் வடமேற்குப் பகுதியில் கிடைத்தன. அப்படி ஓர் அரசன் முதல் நூற்றாண்டில் இருந்திருக்கிறான்.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கலாமா? ஆதிக் கிறிஸ்தவர்கள் ஜெபித்தார்களா?

ஜெபித்தார்கள். கூடுமா என்பதில் இன்று சபைகள் பிரிந்து நிற்கின்றன, அதற்குள் நான் போகவில்லை. ஜெபித்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

பெர்பெத்துவா என்று ஒரு பெண். கார்த்தேஜ் நகரம், வயது சுமார் 22, கையில் பால் குடிக்கிற குழந்தை. 203 மார்ச் 7 அன்று மைதானத்தில் கொல்லப்பட்டார். அதற்கு முன் சிறையில் தன் கையால் எழுதிவைத்த குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒருநாள் ஜெபிக்கும்போது தினோக்கிரத்தேஸ் என்ற பெயர் அவர் வாயில் வந்துவிட்டது. அவருடைய தம்பி. ஏழு வயதில் முகத்தில் புற்று வந்து, பார்த்தவர்கள் அருவருக்கும்படி செத்துப்போன பிள்ளை. அன்றிரவு கனவில் அவனைப் பார்த்தார். இருட்டான இடத்திலிருந்து வந்தான், வெக்கை, தாகம், முகத்தில் அதே புண். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு தொட்டி, ஆனால் அதன் விளிம்பு பையனின் உயரத்துக்கு மேலே. எக்கி எக்கிப் பார்க்கிறான், எட்டவில்லை.

விழித்ததும் பெர்பெத்துவா ஜெபிக்கத் தொடங்கினார், இரவும் பகலும் அழுதுகொண்டு. சில நாள் கழித்து இன்னொரு கனவு. தம்பி குளித்து, நல்ல உடுப்போடு இருக்கிறான். புண் இருந்த இடத்தில் தழும்பு. தொட்டியின் விளிம்பு அவன் தொப்புள் உயரத்துக்கு இறங்கியிருக்கிறது. விளிம்பில் ஒரு பொன் கிண்ணம். குடிக்கிறான், கிண்ணம் குறையவே இல்லை. போதுமென்று ஆனதும், சின்னப் பிள்ளைகள் போவது போல விளையாடப் போய்விட்டான்.

உத்தரிக்கிற ஸ்தலம் ஒரு கோட்பாடாக வரையறுக்கப்பட்டது ஆயிரம் ஆண்டுக்கும் பிறகு, லியோன் சங்கம் 1274, புளோரன்ஸ் சங்கம் 1439. நவம்பர் 2 கல்லறைத் திருநாளை 11ஆம் நூற்றாண்டையொட்டி குளூனி மடத்தின் ஓடிலோ தொடங்கிவைத்தார். இவற்றுக்கெல்லாம் வெகு முன்னால், ஓர் அக்கா தம்பியின் தாகத்துக்காக அழுதிருக்கிறாள்.

கடைசியாக மோனிக்கா, அகுஸ்தீனாரின் அம்மா. வட ஆப்பிரிக்க வழக்கப்படி மிலான் நகரத்திலும் கூழும் ரொட்டியும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு இரத்த சாட்சிகளின் கல்லறைக்குப் போனார். வாசல்காவலர் தடுத்தார், ஆயர் அம்புரோஸ் இதை விலக்கியிருக்கிறார் என்று. அன்றோடு கூடையை வைத்துவிட்டு ஜெபத்தை மட்டும் எடுத்துப் போனார். சொந்த ஊரில் கணவர் பக்கத்தில் தனக்கென்று ஒரு கல்லறை ஏற்பாடு செய்து வைத்திருந்தவர் அவர். ஆனால் 387இல் ஊர் திரும்பும் வழியில், ரோமாபுரியின் துறைமுகமான ஒஸ்தியாவில் காய்ச்சலில் விழுந்தார். அந்நிய ஊரில் சாவதா என்று ஒரு மகன் கலங்க, அவர் சொன்னார்: இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், நீங்கள் எங்கே இருந்தாலும் கர்த்தருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும். ஊரை விட்டு இவ்வளவு தூரத்தில் புதைக்கப்படப் பயமில்லையா என்று நண்பர்கள் முன்பு கேட்டதற்கு, கடவுளுக்கு எதுவும் தூரமில்லை, உலக முடிவில் என்னை எங்கிருந்து எழுப்புவது என்று அவருக்குத் தெரியாமல் போகாது என்று சொல்லியிருந்தார்.

1945 கோடையில் ஒஸ்தியாவின் சாந்தா ஔரேயா கோயில் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள், கம்பம் நடக் குழி தோண்டினார்கள். உடைந்த பளிங்குத் துண்டு ஒன்று கையில் தட்டுப்பட்டது. மோனிக்காவின் கல்லறை வாசகத்தில் பாதி அதில் இருந்தது.